பூனைப் பெருக்கமும் ஒரு தொட்டிக் கணக்கும்

நாயை மனிதன் பழக்கினான். பூனை தானாக வந்து சேர்ந்தது என்பார்கள். மேற்கு ஆசியாவில் மனிதன் பயிர்த்தொழில் கற்று, விளைந்த தானியத்தைக் குதிரிலும் குழியிலும் சேமிக்கத் தொடங்கியபோது, அதைத் தின்ன எலி வந்தது. எலியைத் தின்னப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லறையில், மனித எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்ததை 2004-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாகத் தோன்றிய பிராணி அன்று. யாரோ அதைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் எலி பிடிப்பதற்காகக் கப்பல்களில் ஏற்றப்பட்ட பூனை, உலகத்தின் கரைகளிலெல்லாம் இறங்கியது.

இப்படி நம்மோடு வந்த பிராணி, நம் வீட்டில் மட்டும் தங்கிவிடவில்லை. கப்பல்துறை, ஆஸ்பத்திரி, ஆலை, மீன் சந்தை, உணவு விடுதியின் பின்கட்டு என்று எங்கெல்லாம் மிச்சச் சோறும் ஒண்ட ஓர் இடமும் உண்டோ, அங்கெல்லாம் வளர்ப்பாரற்ற பூனைக் கூட்டங்கள் தோன்றின. அவற்றின் பெருக்கத்தை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு மனிதன் விடை தேடிய வரலாறு சுவையானது. அதில் இரக்கமும் உண்டு, கொடுமையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய கணக்கும் உண்டு. அந்தக் கணக்கைச் சரியாகப் போடாதவர்கள், இரக்கம் உள்ளவர்களாக இருந்தும் தோற்றிருக்கிறார்கள்.

யார் இந்தத் தெருப்பூனைகள்?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். நம் ஊர்க் கரும்புத் தோட்டங்களிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் வாழும் காட்டுப்பூனை வேறு இனம். அது எக்காலத்திலும் வீட்டுப் பிராணியாக இருந்ததில்லை. நாம் பேசுவது வீட்டுப்பூனையைப் பற்றித்தான். வளர்த்தவர் கைவிட்ட பூனை, அதன் குட்டிகள், அக்குட்டிகளின் குட்டிகள் இவைதாம் தெருப்பூனைக் கூட்டம்.

பூனைக்குட்டி பிறந்த 2-ஆவது வாரம் முதல் 7-ஆவது வாரம் வரையில் மனிதக் கை பட்டு வளர்ந்தால் மனிதனிடம் பழகும். இந்தப் பருவத்தில் மனிதனைக் காணாமல் வளர்ந்த குட்டி, ஆயுள் முழுவதும் மனிதனைக் கண்டால் பதுங்கும், பிடித்தால் பிறாண்டும். அது தாய்வழியில் வீட்டுப்பூனைதான், குணத்தில் காட்டுப்பிராணி. அதனால்தான், "இத்தனை பூனைகளையும் ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போனால் தீர்ந்தது" என்ற எளிய யோசனை நடைமுறைக்கு வருவதில்லை.

பிடிப்பதும் கொல்வதும்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தச் சிக்கலுக்கு உலகம் அறிந்திருந்த விடை ஒன்றுதான். பூனைகளின் தொல்லை பற்றிப் புகார் அதிகமானால், ஆள் வைத்துப் பிடித்துக் கொல்வார்கள். விஷம், நச்சுப்புகை, துப்பாக்கி எல்லாமே பயன்பட்டன. சில மாதங்கள் இடம் அமைதியாக இருக்கும். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மீண்டும் அதே எண்ணிக்கை வந்து நிற்கும்.

காரணத்தைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஓர் இடத்தில் எத்தனை பூனைகள் வாழும் என்பதை அங்குள்ள உணவும் மறைவிடமும் முடிவு செய்கின்றன. பூனைகளை மட்டும் நீக்கிவிட்டு, குப்பைத்தொட்டியையும் கொதிகலன் அறையின் கதகதப்பையும் அப்படியே விட்டுவைத்தால், தப்பிப் பிழைத்த சில பூனைகளின் குட்டிகளுக்கு உணவு தாராளமாகக் கிடைக்கும். பக்கத்துத் தெருப் பூனைகளும் வந்து குடியேறும். காலி வீட்டுக்குக் குடித்தனக்காரர் வருவது போன்றதே இது.

இங்கிலாந்தில் உருவான மாற்று

1970-களில் இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் வேறொரு முறை பரவத் தொடங்கியது. பூனையைக் கூண்டுப் பொறியில் பிடித்து, மயக்கமருந்து கொடுத்துக் கருத்தடை அறுவை செய்து, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது என்பதே அம்முறை. இங்கிலாந்தில் ரூத் பிளான்ட் என்ற பெண்மணி இதற்காகப் பாடுபட்டவர்களுள் முன்னோடி. 1977-ல் அங்கு இப்பணிக்கென்றே ஓர் அறக்கட்டளை தோன்றியது.

நல்லெண்ணம் கொண்ட சிலர் செய்த தொண்டாகவே இது நின்றிருந்தால் விஞ்ஞான வரலாற்றில் இதற்கு இடம் இருந்திருக்காது. ஆனால் அதே காலத்தில் ஆராய்ச்சியாளர்களும் தெருப்பூனைகளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜேன் டார்ட்ஸ் என்ற ஆய்வாளர் போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல்துறையின் பூனைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவை எப்படிக் கூடி வாழ்கின்றன, எந்த எல்லைக்குள் நடமாடுகின்றன என்று பதிவு செய்தார். 1980-ல் 'விலங்கு நலத்துக்கான பல்கலைக்கழகக் கூட்டமைப்பு' என்ற அமைப்பு, தெருப்பூனைகளின் வாழ்வியலையும் கட்டுப்பாட்டையும் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. டென்மார்க்கின் அனுபவமும் அதில் எடுத்துரைக்கப்பட்டது. பிறகு 1984-ல் பீட்டர் நெவில், ஜென்னி ரெம்ஃப்ரி இருவரும், கருத்தடை செய்யப்பட்ட இரண்டு பூனைக் கூட்டங்களைக் கவனித்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. 'அறுவை செய்த பூனை கூட்டத்தில் பிழைக்குமா, கூட்டம் சிதறிவிடுமா' என்ற ஐயங்கள் ஆய்வுக்கு உட்பட்ட கேள்விகளாயின.

இம்முறையில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. மயக்கத்தில் இருக்கும்போதே பூனையின் ஒரு காது நுனியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிடுவார்கள். கழுத்துப் பட்டை அவிழ்ந்து விழும். புதரில் மாட்டிக் கழுத்தை நெரிக்கவும் கூடும். வெட்டிய காதோ தூரத்திலிருந்தே தெரியும். அறுவை செய்த பூனை எது, செய்யாதது எது என்று பிடிக்காமலேயே எண்ணிவிடலாம். எண்ண முடிந்தால்தான் அளக்க முடியும். அளக்க முடிந்தால்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். ஆகவே, அந்தச் சிறிய வெட்டை இம்முறையின் அளவுகோல் என்றே சொல்லலாம்.

1990-ல் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் லூயிஸ் ஹோல்டன், பெக்கி ராபின்சன் என்ற இருவர் தொடங்கிய இயக்கத்தின் மூலம் இம்முறை அந்நாடு முழுவதும் பரவியது.

நாலு லட்சம் பூனைகள் என்ற கதை

இயக்கம் பரவியபோது அதன் பிரசுரங்களில் ஒரு புள்ளிவிவரமும் பரவியது. ஒரு ஜோடிப் பூனையும் அவற்றின் சந்ததியும் சேர்ந்து 7 ஆண்டுகளில் 4,20,000 ஆகிவிடும் என்பதே அது. இதை நம்பலாமா?

சோதித்துப் பார்க்க இயற்கையே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக் கொடுத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே இந்துமாக்கடலின் குளிர்ப் பகுதியில் மேரியன் என்ற தீவு இருக்கிறது. 1940-களின் இறுதியில் அங்கு வானிலை நிலையம் அமைத்தவர்கள், எலித் தொல்லைக்காக 5 பூனைகளைக் கொண்டுசென்றார்கள். அங்கே பூனைக்கு எதிரி இல்லை. வளைகளில் முட்டையிடும் கடற்பறவைகள் லட்சக்கணக்கில் இருந்தன. இதைவிட வசதியான இடம் பூனைக்கு வாய்க்காது. 1977-ல் கணக்கெடுத்தபோது அங்கு சுமார் 3,400 பூனைகள் இருந்தன.

மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கூட்டுவட்டிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 என்பது 28 ஆண்டுகளில் 3,400 ஆக வேண்டுமானால் ஆண்டு வட்டி சுமார் 26 சதவீதம். அதாவது 3 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. இந்த வேகத்தில் ஒரு ஜோடி 7 ஆண்டுகளில் எத்தனை ஆகும்? வெறும் 10. நாலு லட்சம் எங்கே, பத்து எங்கே!

தவறு எங்கே நேர்ந்தது? பிரசுரக் கணக்கில் பிறந்த குட்டிகள் எல்லாம் பிழைத்துவிடுகின்றன. உண்மையில் அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் தெருப்பூனைக் கூட்டங்களைக் கவனித்து 2004-ல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, ஒரு பெட்டைப்பூனை ஆண்டுக்குச் சராசரி 1.4 முறை ஈனுகிறது. ஓர் ஈற்றுக்கு 3 குட்டிகள். அக்குட்டிகளில் 75 சதவீதம் 6 மாதம் முடிவதற்குள் இறந்தோ மறைந்தோ போய்விடுகின்றன.

நாலில் மூன்று! இந்த ஒரு விகிதத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டியில் அடிபட்டும், நாய் கடித்தும், நோயிலும் பசியிலும் மடியும் குட்டிகள்தாம் இந்த முக்கால் பங்கு. தாய்ப்பூனை ஈன்ற பிறகு ஏழு வீடு மாற்றும் என்று நம் பெண்கள் சொல்வதுண்டு. அவ்வளவு அலைந்து காத்தும் அதற்கு மிஞ்சுவது நாலில் ஒன்று. கருத்தடை செய்வதால் பிறக்காமல் போகும் குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்திருந்தாலும் ஆறு மாதம் தாண்டாதவை. இம்முறையின் இரக்கம் முக்கியமாக இங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்ல நாலு லட்சம் என்ற பொய்க்கணக்கு தேவையில்லை.

எத்தனை பூனைக்குக் கருத்தடை செய்தால் போதும்?

இப்போது தொட்டிக் கணக்குக்கு வருவோம். ஒரு தொட்டியில் ஒரு குழாய் நீரை நிரப்புகிறது. இன்னொரு குழாய் வெளியேற்றுகிறது. இரண்டும் சமமானால் நீர்மட்டம் மாறாது. பூனைக் கூட்டத்தில் பிறப்பும் வரவும் நிரப்பும் குழாய்கள். இறப்பும் வெளியேற்றமும் வடிக்கும் குழாய்கள்.

100 பெட்டைப் பூனைகள் உள்ள கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன அளவுகளின்படி ஆண்டுக்கு 420 குட்டிகள் பிறக்கும். கால்பங்கு பிழைத்தால் 105. அவற்றில் பாதி பெட்டை என்றால் சுமார் 52. வளர்ந்த பூனைகளில் ஆண்டுக்கு 30 இறப்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 70-உம் 52-உம் சேர்ந்து 122. பெருக்கம் 22 சதவீதம். மேரியன் தீவில் கண்ட 26-க்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி, பிறப்பு 52-லிருந்து 30-ஆகக் குறைந்தால் மட்டம் நிலைக்கும். அதற்கு 42 பெட்டைகளுக்குக் கருத்தடை செய்தால் போதும் என்று தோன்றும். பாதிக்கும் குறைவு! பல ஊர்களில் ஆர்வலர்கள் ஏறக்குறைய இந்த நம்பிக்கையில்தான் தொடங்கினார்கள். பாதிப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்த பிறகும் எண்ணிக்கை குறையாததைக் கண்டு திகைத்தார்கள்.

ஏன்? தொட்டியின் குழாய்கள் ஒன்றை ஒன்று பாதிக்கின்றன. குட்டிகள் குறைந்தால் போட்டி குறைகிறது; பிறந்த குட்டிகளுக்கு உணவு கூடுதலாகக் கிடைக்கிறது. கால்பங்குக்குப் பதில் பாதி பிழைப்பதாக வைத்துக்கொண்டால், 100 பெட்டைகளுக்கு 52 அல்ல, 105 பெட்டைக் குட்டிகள் தேறும். அப்போது மட்டம் நிலைக்க 71 சதவீதப் பெட்டைகளுக்குக் கருத்தடை தேவை. மேலும், கருத்தடை செய்யப்பட்ட பூனை ஈன்று மெலிவதில்லை. கடுவன்களின் சண்டையும் குறைகிறது. ஆகவே ஆயுள் நீள்கிறது. இறப்பு 30-க்குப் பதில் 20 ஆனால், தேவைப்படும் அளவு 81 சதவீதமாக உயரும்.

இவை நம் உதாரணக் கணக்குகளே. ஆனால் 2005-ல், கலிபோர்னியாவின் சான் டியாகோ வட்டாரத்திலும் புளோரிடாவின் அலாச்சுவா வட்டாரத்திலும் பல்லாயிரம் பூனைகளுக்கு நடந்த கருத்தடைப் பணியை ஆராய்ந்தவர்கள் வந்தடைந்த விடையும் இதுதான். எண்ணிக்கை குறைய வேண்டுமானால் 71 முதல் 94 சதவீதம் வரை பூனைகள் கருத்தடைக்கு உட்பட வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த இரண்டு வட்டாரங்களிலும் அந்த அளவு எட்டப்படவில்லை, பூனைகளும் குறையவில்லை. இவ்வளவு பெரிய பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்த பணி, கடலில் கரைத்த பெருங்காயம் ஆயிற்று. அதே உழைப்பை ஒரு தெரு, பிறகு அடுத்த தெரு என்று முழுமையாகச் செய்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

வெற்றி பெற்ற இரண்டு இடங்கள்

அப்படி ஓரிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் கதையைப் பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆற்றங்கரையில் நியூபரிபோர்ட் என்ற சிறிய துறைமுக நகரம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அதன் கரையோரத்தில் சுமார் 300 பூனைகள் இருந்தன. 1992 முதல் தொண்டர்கள் அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்தார்கள். பழகக்கூடியவற்றை வீடுகளில் சேர்த்தார்கள். மற்றவற்றைத் திரும்ப விட்டு, நாள் தவறாமல் உணவிட்டார்கள். உணவிடும் இடத்தில்தான் புதிதாக வந்த பூனையைக் கண்டுபிடிக்க முடியும் என்பது இதில் உள்ள தந்திரம். 2009-ல் கடைசிப் பூனை முதுமையில் இறந்தது. 17 ஆண்டுகளில் 300 என்பது சுழியம் ஆயிற்று. எண்ணிக்கையைக் குறைக்க என்று ஒரு பூனையையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதாக இராது. பிறப்பும் வரவும் நின்றுவிட்டால் பூனைக் கூட்டமும் ஒரு தேயும் பொருள்தான். ஆண்டுக்கு 20 சதவீதம் குறைந்தால் 3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். இந்தக் கணக்கில் 300 பூனைகள் 17 ஆண்டுகளில் 7 ஆக வேண்டும். பலவற்றை வீடுகளில் சேர்த்ததால் நியூபரிபோர்ட்டில் அதற்குள் கணக்கு முடிந்துவிட்டது.

இரண்டாவது இடம் மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகம். 1991-ல் பணி தொடங்கியது. 2002 வரை 155 பூனைகள் பதிவாயின. அவற்றில் 47 சதவீதம் வீடுகளுக்குச் சென்றன. 1996-ல் 68 ஆக இருந்த எண்ணிக்கை 2002-ல் 23 ஆகவும், 2019-ல் 10 ஆகவும் இறங்கியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இத்தனை ஆண்டுகளிலும் வளாகத்தில் யாராவது பூனைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அவை ஈனுவதற்கு முன்பே பிடிக்கப்பட்டன. 1995-க்குப் பிறகு 2002 வரை அங்கு குட்டிகளே காணப்படவில்லை என்று ஜூலி லெவியும் அவரது குழுவினரும் எழுதினார்கள்.

மூடப்படாத குழாய்

ரோம் நகரின் அனுபவம் இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கிறது. இத்தாலியில் 1991-ல் இயற்றப்பட்ட 281-ஆம் எண் சட்டம், தெருப்பூனைகளைக் கொல்லக்கூடாது என்று தடை விதித்தது. கடுமையான, தீராத நோயுற்றவற்றுக்கு மட்டும் விலக்கு. கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவதே அந்நாட்டின் முறையாயிற்று. பத்தாண்டுகளில் ரோமில் ஏறக்குறைய 8,000 பூனைகளுக்கு அறுவை நடந்தது. 103 கூட்டங்களை ஆராய்ந்து இயூஜினியா நத்தோலியும் அவரது குழுவினரும் 2006-ல் வெளியிட்ட முடிவு சிந்திக்க வைப்பது. எண்ணிக்கை பொதுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் கைவிடப்பட்டும் தாமாகவும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த பூனைகள் சுமார் 21 சதவீதம். வீட்டுப்பூனை வளர்ப்பவர்கள் தம் பூனைக்குக் கருத்தடை செய்யாமல் குட்டிகளைத் தெருவில் விட்டுக்கொண்டே இருக்கும்வரை, இந்தப் பணமும் நேரமும் உழைப்பும் வீண் என்றே அவர்கள் எழுதிவிட்டார்கள்.

இதையும் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். ஒரு தெருவில் எல்லாப் பூனைகளுக்கும் கருத்தடை செய்தாயிற்று. ஒரு குட்டிகூடப் பிறப்பதில்லை. ஆண்டுக்கு 20 சதவீதம் இறக்கின்றன. ஆனால் ஆண்டுதோறும் புதிதாக 10 பூனைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று கொள்வோம். கூட்டம் எந்த எண்ணில் நிலைக்கும்? வரவு 10-உம் இறப்பு 10-உம் சமமாகும் எண்ணில், அதாவது 50-ல். நூறு சதவீதக் கருத்தடைக்குப் பிறகும் 50 பூனைகள்! சாக்குப்பையில் குட்டிகளைக் கட்டிச் சந்தையிலோ ஊர் எல்லையிலோ விட்டுவிட்டு வருகிறவர், 'எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்' என்று தமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறார். அவரே அந்த மூடப்படாத குழாய்.

பறவைகளின் வழக்கு

இதுவரை பூனையின் பக்கத்தையே பார்த்தோம். வழக்கில் இன்னொரு கட்சிக்காரரும் இருக்கிறார். அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வளர்ப்பாரற்ற பூனைகளுடையது. இதன் இரண்டு எல்லைகளுக்கும் இடையே மும்மடங்கு வேறுபாடு இருந்தாலும், சிறிய எல்லையே அச்சுறுத்துவதுதான்.

கருத்தடை செய்த பூனைக்கும் பசி எடுக்கும். அது வாழும் ஆண்டுகளில் வேட்டையாடவும் செய்யும். நகரத்துச் சந்தில், சோறு போடுவாரும் எண்ணுவாரும் உள்ள இடத்தில், 15 அல்லது 20 ஆண்டுகள் பொறுத்திருக்கலாம். மேரியன் தீவில் பொறுக்க முடியுமா? அங்குள்ள பூனைகள் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான கடற்பறவைகளைக் கொன்றதாக மதிப்பிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவைகள் அவை. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1890-களில் பறக்க இயலாத ஒரு சிறிய பறவையினம், கலங்கரை விளக்கம் அமைந்த சில ஆண்டுகளுக்குள் பூனைகளால் அற்றுப்போனது என்ற எச்சரிக்கையும் வரலாற்றில் இருந்தது.

மேரியனில் 1977-ல் பூனைகளுக்கு மட்டும் கொள்ளைநோய் உண்டாக்கும் ஒரு வைரஸைப் பரப்பினார்கள். 1982-க்குள் எண்ணிக்கை சுமார் 600 ஆனது. ஆனால் எஞ்சியவற்றுக்கு நோயெதிர்ப்பு ஏற்பட்டதால் வீழ்ச்சியின் வேகம் தளர்ந்தது. 1986 முதல் இரவு நேரங்களில் விளக்கும் துப்பாக்கியுமாக வேட்டையாடினார்கள்; பிறகு பொறிகளும் வைத்தார்கள். 1991-ல் கடைசிப் பூனை பிடிபட்டது. இது இரக்கமான முறை என்று யாரும் சொல்ல முடியாது. அத்தீவின் பறவைகளுக்கு வேறு வழி இருந்தது என்று சொல்வதும் எளிதன்று. முதல் 5 பூனைகளைக் கப்பலில் ஏற்றும் முன் அவற்றுக்குக் கருத்தடை செய்திருந்தால், ஒருநாள் வேலையில் முடிந்திருக்க வேண்டியது 14 ஆண்டுப் போராக ஆகியிருக்காது என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

சென்னை கற்ற பாடம்

நாய் விஷயத்தில் இதே பாடத்தை நம் சென்னையும் படித்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிய மதராஸ் மாநகராட்சி, நூறாண்டுக்கு மேல் அதைத் தொடர்ந்தது. 1970-களில் கொல்லப்பட்ட நாய்களின் தோலைக்கொண்டு கழுத்துப்பட்டை, பணப்பை போன்ற பொருள்கள் செய்யும் அளவுக்கு எண்ணிக்கை இருந்தது என்று சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய 'ப்ளூ கிராஸ்' அமைப்பைச் சேர்ந்தவர் அவர். நூறாண்டு கொன்றும் நாய்கள் குறையவில்லை என்றால் முறையில்தானே பிழை இருக்க வேண்டும் என்று 1960-களிலேயே அவ்வமைப்பினர் கேட்டார்கள். மாநகராட்சி அதற்கு இசைந்து, தென்சென்னையில் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் சேர்ந்த திட்டம் தொடங்கியது 1996-ல். 2001-ல் நாய்களுக்கான கருத்தடை விதிகள் நாடு முழுவதற்கும் வந்தன. 2023-ல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. ஒரு சரியான கேள்விக்கும் அதற்கான செயலுக்கும் இடையில் முப்பது ஆண்டுகள் கடந்திருக்கின்றன.

கத்தியில்லாக் கருத்தடை

அறுவைக்கு மருத்துவர் வேண்டும், மயக்கமருந்து வேண்டும், கூடம் வேண்டும். 70, 80 சதவீதத்தை எட்ட முடியாமல் போவதற்கு இச்செலவே முக்கியக் காரணம். அதனால் ஒரே ஊசியில் காரியம் முடியுமா என்று விஞ்ஞானிகள் நெடுநாளாகத் தேடுகிறார்கள். 2023-ல் அமெரிக்காவில் ஒரு சிறு சோதனையின் முடிவு வெளியானது. சினை முட்டைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு ஹார்மோனைப் பூனையின் தசையே தொடர்ந்து சுரக்கும்படி, அதற்கான மரபணுவை ஊசிமூலம் செலுத்தினார்கள். ஊசி போடப்பட்ட 6 பெட்டைகளும் சோதனை நடந்த 2 ஆண்டுகளில் சினைப்படவில்லை. ஊசி போடாத 3 பெட்டைகளும் ஈன்றன. ஒன்பது பூனைகளின் முடிவைக்கொண்டு பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஆயினும் வழி திறந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது.

முடிவாக

ஐம்பது ஆண்டு வரலாறு நமக்குச் சொல்வது என்ன? கொல்வது மட்டுமே தீர்வு என்றவர்கள் உணவையும் இடத்தையும் மறந்தார்கள். கருத்தடை மட்டுமே தீர்வு என்றவர்கள் சதவீதத்தை மறந்தார்கள். இரண்டு சாராருமே நெடுங்காலம் வரவுக் குழாயை மறந்தார்கள். ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு முழுமையாகச் செய்து, ஆண்டுதோறும் எண்ணி, புதிதாக வந்ததை உடனே கவனித்தவர்கள் வென்றார்கள். பறவைகள் அழியும் தீவில் இம்முறைக்குக் காலம் போதாது என்பதை ஒப்புக்கொள்வதும் அந்தக் கணக்கின் ஒரு பகுதியே.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் கேட்பது வழக்கம். மாநகராட்சியா, மருத்துவரா, தொண்டர்களா? அவரவர்க்கு உரிய பங்கு உண்டு. ஆனால் தொட்டியின் முதல் குழாய் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. வீட்டில் ஒரு பெட்டைப்பூனை வளர்ப்பவர், அது முதல் ஈற்றுக்குத் தயாராகும் ஐந்தாறு மாத வயதுக்குள் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றால், சாக்குப்பைக்கு வேலையே இராது. எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் இன்றே மூடக்கூடிய குழாய் அது ஒன்றுதான்.